ஏஐ ஏஜென்ட்டுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் இப்போது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எல்லாம் கேட்டதுக்குப் பதில் சொல்லுதுங்க. ஆனா நம்ம கணக்கு வழக்கைப் பார்த்து வேலையும் செய்யுமாங்க?" என்பதுதான் அந்தக் கேள்வி. செய்யும். ஆனால் அதற்கு நாம் சில வரிகளைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிகளைத் தெளிவில்லாமல் எழுதி நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அந்த அனுபவத்தோடு சேர்த்து, அவற்றை எப்படி எழுதுவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். இதற்குத் தேவை நல்ல தமிழும் கொஞ்சம் பொறுமையும்தான்.

ஏஜென்ட் என்றால் என்ன?

சாதாரண ஏஐ, கேட்ட கேள்விக்குப் பதிலை டைப் செய்து காட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஏஐ ஏஜென்ட் என்பது அதே ஏஐக்குக் கையும் காலும் கொடுத்தது போன்றது. நம் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலைத் திறக்கும், கணக்கில் ஒரு வரியைச் சேர்க்கும், மெயில் அனுப்பும். இப்படி ஒரு வேலையைச் செய்வதற்காக அதற்குக் கொடுக்கப்படும் சின்னச் சின்ன புரோகிராம்களைத்தான் டூல் என்கிறோம்.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூன் மாதம் தன் ஏஐக்கு இப்படி டூல் கொடுக்கும் வசதியை புரோகிராமர்களுக்குத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி., என்ற பொது முறையை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் ஏஐயாக இருந்தாலும் ஒரே மாதிரி டூலை மாட்டிக்கொள்ள இது வழி செய்தது. எந்த பிரிண்டரும் யு.எஸ்.பி. போர்ட்டில் மாட்டும் அல்லவா, அதுபோல. நம் ஊர் நிறுவனங்களும் இதில் இறங்கிவிட்டன. சென்னையிலும் தென்காசியிலும் இயங்கும் ஸோஹோ 2025ஆம் ஆண்டு தன் சாஃப்ட்வேர்களுக்கு எம்.சி.பி. வசதியை அறிவித்தது.

ஏஐயின் கண்ணுக்கு எது தெரியும்?

பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். டூலுக்குள் நாம் எழுதியிருக்கும் புரோகிராம் ஏஐக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது மூன்று விஷயங்கள் மட்டுமே.

1. டூலின் பெயர்
2. அது என்ன செய்யும் என்று நாம் எழுதிய விளக்கம்
3. டூலுக்குக் கொடுக்க வேண்டிய தகவல்கள், அதாவது உள்ளீடுகள்

நாம் ஒரு வேலையைச் சொன்னதும் ஏஐ இந்த மூன்றையும் படித்துப் பார்த்து, எந்த டூலை எடுப்பது என்று முடிவு செய்கிறது. விளக்கம் தவறாக இருந்தால் புரோகிராம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வேலை தவறாகத்தான் நடக்கும்.

கோவைக்குப் புதிதாக வந்த ஒருவரிடம், "பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறிக்கோங்க" என்று சொன்னால் அவர் எங்கே போவார்? மதுரை, திருச்சி போகிறவர் சிங்காநல்லூர் போக வேண்டும். ஊட்டி போகிறவர் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். பொள்ளாச்சிக்கு உக்கடம். ஈரோடு, சேலத்துக்குக் காந்திபுரம். நமக்கு இது பழகிவிட்டது. புதியவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். ஏஐயும் நம் வீட்டுக்கும் கடைக்கும் தினமும் புதியவர்தான்.

எங்கள் கடையில் நடந்தது

என் அப்பா சூலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருந்து கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் எரிந்து வரும். காயில் கட்டிக் கொடுப்போம். பணம் பெரும்பாலும் வெள்ளாமை எடுத்த பிறகுதான் வரும். அதனால் பாக்கிக் கணக்கு முக்கியம். அதைவிட முக்கியம், எந்த மோட்டாருக்கு எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று என்ற விவரம்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் சும்மா இருப்பானா? அப்பாவின் நோட்டுகளில் கடைசியாக இருந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு ஏஜென்ட்டையும் அமைத்துக் கொடுத்தேன். மைக்கில் தமிழில் சொன்னால் போதும், அது பதிந்துகொள்ளும். "இனிமேல் நோட்டு எழுத வேண்டாமுங்கப்பா" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த ஏஜென்ட்டுக்கு நான் கொடுத்த டூல்களில் ஒன்று இது:

பெயர்: கணக்கு_முடி
விளக்கம்: கணக்கை முடிக்கும்.
உள்ளீடு: பெயர்

ஒரு வாடிக்கையாளரை லிஸ்டில் இருந்தே நீக்குவதற்காக நான் எழுதிய டூல் அது. செஞ்சேரிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருநாள் வந்து முழுப் பாக்கியையும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா மைக்கில், "செஞ்சேரிமலைக்காரர் கணக்க முடிச்சுடு" என்றார். பணம் வந்துவிட்டது, நேர் செய்துவிடு என்பது அவர் சொன்னதன் பொருள். ஏஜென்ட் டூல் பட்டியலைப் பார்த்தது. "கணக்கை முடிக்கும்" என்று ஒரு டூல் இருந்தது. எடுத்தது. அவருடைய பாக்கி, போன் நம்பர், மோட்டார் விவரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "கணக்கு முடிக்கப்பட்டது" என்று பதில் சொன்னது. அப்பாவுக்கும் திருப்தி.

இரண்டு மாதம் கழித்து, நல்ல கோடையில், அவருடைய 7.5 எச்.பி. போர் மோட்டார் எரிந்து வந்தது. தோட்டத்தில் தக்காளி பூ விட்டு நிற்கிறது, தண்ணீர் இல்லை. கம்பியின் மேலுறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் பழைய காயிலைப் பிரித்துச் சுற்றை எண்ண முடியவில்லை. கம்ப்யூட்டரில் தேடினால் அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை. நான் பேக்கப்பும் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் அப்பா பரணில் ஏறி, 2019ஆம் வருட நோட்டைத் தேடி எடுத்தார். அதில் அந்த மோட்டாரின் கேஜும் சுற்றும் தெளிவாக இருந்தன. மறுநாள் மாலை மோட்டார் தோட்டத்துக்குப் போய்விட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நோட்டு எழுதறத நிறுத்தச் சொன்னியே கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "பணம் முழுசும் வந்தது, மோட்டார் கொடுத்தாச்சு", "பாதிப் பணம், மோட்டார் கடையில்" என்று ஒவ்வொரு வரியும் பிரித்து எழுதப்பட்டிருந்தது. ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "நான் இல்லாத நேரத்துல கடைப் பையன் பார்த்தாலும் புரியோணுமல்ல" என்றார். டூல் விளக்கமும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதை எழுதும் முறையை இனிப் பார்ப்போம்.

1. என்ன நடக்கும் என்பதை முழுதாகச் சொல்லுங்கள்

"முடிக்கும்", "சரி செய்யும்", "பார்த்துக்கொள்ளும்" போன்ற சொற்களுக்குப் பல பொருள் உண்டு. எது மாறும், எது மாறாது என்று எழுதுங்கள். மேலே சொன்ன ஒரு டூலை நான் இரண்டாகப் பிரித்து இப்படி எழுதினேன்:

பெயர்: பணம்_வரவு_வை
விளக்கம்: வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை அவர் கணக்கில் வரவு வைத்து பாக்கியைக் குறைக்கும். முழுப் பணமும் வந்தால் பாக்கி 0 ஆகும். மோட்டார் விவரங்கள் எதுவும் அழியாது. "கணக்கை முடி", "பைசல் பண்ணு", "நேர் பண்ணு" என்று கடையில் சொன்னால் இந்த டூலைப் பயன்படுத்தவும். தொகை சொல்லப்படாவிட்டால் முதலில் கேட்கவும்.

பெயர்: வாடிக்கையாளர்_பதிவை_அழி
விளக்கம்: ஒரு வாடிக்கையாளரின் எல்லா விவரங்களையும் நிரந்தரமாக அழிக்கும். திரும்பப் பெற முடியாது. ஒருவர் பெயர் தவறுதலாக இரண்டு முறை பதிவாகியிருந்தால், கூடுதல் பதிவை நீக்க மட்டும் பயன்படுத்தவும். பணம் கட்டி முடித்தவருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு பணம்_வரவு_வை உள்ளது.

இங்கே உங்களுக்குப் புரிவதற்காக டூலின் பெயரையும் தமிழில் காட்டியிருக்கிறேன். பல ஏஐ நிறுவனங்களின் முறைப்படி பெயரை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். விளக்கம் தமிழில் இருக்கலாம்.

2. எப்போது பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லுங்கள்

மேலே இரண்டாவது டூலின் கடைசி இரண்டு வரிகளைக் கவனித்தீர்களா? "இதற்கு இது வேண்டாம், அதற்கு அந்த டூல்" என்று வழி காட்டுகின்றன. "சிங்காநல்லூரில் ஊட்டி பஸ் வராது, மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்று சொல்வது போலத்தான். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு டூல்கள் இருந்தால் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

இதற்கு ஓர் உண்மையான உதாரணம் தருகிறேன். பெங்களூரின் ஜெரோதா பங்கு வர்த்தக நிறுவனம் 2025ஆம் ஆண்டு தன் கைட் சேவைக்கு எம்.சி.பி. வசதி தந்தது. அதில் கெட் ஹோல்டிங்ஸ் என்று ஒரு டூல், கெட் பொசிஷன்ஸ் என்று இன்னொரு டூல். வாங்கி டீமேட் கணக்கில் வைத்திருக்கும் பங்குகளைக் காட்டுவது முதலாவது. இன்னும் முடிக்காமல் நடந்துகொண்டிருக்கும் வர்த்தகத்தைக் காட்டுவது இரண்டாவது. நீங்கள், "என்கிட்ட என்னென்ன ஷேர் இருக்கு?" என்று கேட்டால் எதை எடுப்பது? இந்த வித்தியாசத்தை விளக்கம்தான் ஏஐக்குச் சொல்ல வேண்டும்.

3. அளவை எழுதுங்கள்

உள்ளீடு என்ற இடத்தில் வெறுமனே "திறன்" என்று எழுதினால் ஏஐ 5 என்று போடும். 5 எச்.பி.யா, 5 கிலோவாட்டா? ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட். அதாவது 5 எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 3.7 கிலோவாட்தான். இரண்டையும் குழப்பினால் கம்பியே மாறிப்போகும்.

இந்தக் குழப்பம் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்கு அருகில் தொலைந்துபோனது. ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு கணக்கில் தந்த எண்ணை, இன்னொரு சாஃப்ட்வேர் மெட்ரிக் கணக்காக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

அதனால் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அளவு, வடிவம், ஓர் உதாரணம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள்:

தொகை: ரூபாயில், எண் மட்டும், காற்புள்ளி வேண்டாம். உதாரணம்: 4500
தேதி: ஆண்டு-மாதம்-நாள். உதாரணம்: 2025-06-05
திறன்: எச்.பி.யில். உதாரணம்: 7.5

தேதிக்கு உதாரணம் கொடுக்காவிட்டால் 05-06-2025 என்பதை நாம் ஜூன் 5 என்போம். அமெரிக்க முறையில் அது மே 6 ஆகிவிடும்.

4. ஆளைச் சரியாக அடையாளம் காட்டுங்கள்

எங்கள் கடைக் கணக்கில் பழனிச்சாமி என்ற பெயரில் மட்டும் ஏழு பேர் இருக்கிறார்கள். கொங்கு நாட்டில் இது சகஜம்தான். பெயரை மட்டும் உள்ளீடாக வைத்தால் ஏஐ முதலில் கண்ணில் பட்டவரை எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்க அட்டை எண் கொடுத்தேன். விளக்கத்தில், "பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் வாடிக்கையாளர்_தேடு டூலைப் பயன்படுத்தவும். ஒன்றுக்கு மேற்பட்டவர் கிடைத்தால் நீயாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், ஊர் பெயரைச் சொல்லிக் கேட்கவும்" என்று எழுதினேன்.

5. தவறு நடந்தால் வரும் செய்தியும் விளக்கம்தான்

டூல் வேலை செய்யாதபோது "பிழை 12" என்று திருப்பிச் சொன்னால் ஏஐக்கு ஒன்றும் புரியாது. திரும்பத் திரும்ப அதையே முயற்சி செய்யும், அல்லது ஏதாவது ஒரு பதிலைக் கற்பனையாகச் சொல்லிவிடும். "0417 என்ற அட்டை எண் இல்லை. எண் நான்கு இலக்கமா என்று பார்க்கவும். பெயர் தெரிந்தால் வாடிக்கையாளர்_தேடு டூலைப் பயன்படுத்தவும்" என்று எழுதுங்கள். அடுத்த அடி எங்கே வைப்பது என்று ஏஐக்குத் தெரிந்துவிடும்.

6. நீளத்திலும் எண்ணிக்கையிலும் அளவோடு இருங்கள்

விளக்கம் நல்லது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். நாம் ஏஐயுடன் பேசும்போது எல்லா டூல்களின் விளக்கமும் பொதுவாக அதற்குச் சேர்த்தே அனுப்பப்படுகிறது. நீளம் கூடினால் செலவும் கூடும், குழப்பமும் கூடும். ஒரு டூலுக்கு நான்கைந்து வரிகள் போதும். ஐம்பது டூல் வைப்பதைவிட, தினமும் தேவைப்படும் ஐந்தாறு டூல் வைப்பது நல்லது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

புரோகிராம் எதுவும் இல்லாமலே இந்தப் பயிற்சியைச் செய்யலாம். உங்களிடம் உள்ள ஏதாவது ஓர் ஏஐ சாட்டைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் நோட்பேடில் இப்படி டைப் செய்யுங்கள்: "உன்னிடம் கீழ்க்கண்ட மூன்று டூல்கள் உள்ளன. நான் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் எந்த டூலைப் பயன்படுத்துவாய், என்ன உள்ளீடு கொடுப்பாய் என்று மட்டும் சொல். எதுவும் பொருந்தாவிட்டால் 'இல்லை' என்று சொல். விவரம் போதாவிட்டால் என்ன கேட்பாய் என்று சொல்."

அதன் கீழே உங்கள் மூன்று டூல்களின் பெயர், விளக்கம், உள்ளீடுகளை எழுதுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்: செலவு எழுதுவது, மாத மொத்தம் பார்ப்பது, தவறான வரியை அழிப்பது. எல்லாவற்றையும் காப்பி செய்து சாட்டில் பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்:

"பால்காரர் கணக்கை முடிச்சாச்சு."
"நேத்து காய்கறி 340."
"போன மாசம் எவ்வளவு ஆச்சு?"
"அந்தக் கடைசி வரி வேண்டாம்."
"நாளைக்கு மழை வருமா?"

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்ற பதில் வர வேண்டும். முதல் வாக்கியத்தில் தொகை இல்லாததால் அது உங்களிடம் தொகையைக் கேட்க வேண்டும். தவறான டூலைச் சொன்னால் ஏஐயைத் திட்டாதீர்கள். விளக்கத்தில் ஒரு வரியை மாற்றி, புதிய சாட்டைத் திறந்து மறுபடியும் கேளுங்கள். ஒரே கேள்விக்குச் சில நேரம் வேறு பதிலும் வரும் என்பதால், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை சோதியுங்கள். உங்கள் வீட்டில் உள்ளவர்களை அவர்கள் பேசும் விதத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். நான் டைப் செய்து சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்பா பேசிய பிறகுதான் தவறு வெளியே வந்தது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, விளக்கம் பூட்டு அல்ல. "அழிக்காதே" என்று எழுதினால் ஏஐ பெரும்பாலும் கேட்கும், எப்போதும் கேட்கும் என்று நம்ப முடியாது. எம்.சி.பி.யில் 2025 மார்ச் மாதப் பதிப்பிலிருந்து "படிக்க மட்டும்", "அழிக்கக் கூடியது" என்று டூலுக்கு அடையாளக் குறிப்பு வைக்கலாம். அதுவும் குறிப்புதான், தடுப்பு அல்ல. முன்பு சொன்ன ஜெரோதா, தன் சர்வரில் பொதுமக்களுக்குத் தந்த எம்.சி.பி. சேவையில் ஆர்டர் போடும் டூல்களை வைக்காமலே விட்டது. நானும் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கடை ஏஜென்ட்டிடம் இருந்து அழிக்கும் டூலையே எடுத்துவிட்டேன். அழிக்க வேண்டியிருந்தால் நானே உட்கார்ந்து அழிக்கிறேன்.

இரண்டாவது, முன்பின் தெரியாதவர்கள் இலவசமாகத் தரும் டூல்களை இன்ஸ்டால் செய்யாதீர்கள். விளக்கத்துக்குள்ளேயே ஏஐக்கு ரகசியக் கட்டளைகளை ஒளித்துவைத்து, உங்கள் ஃபைல்களைத் திருட முடியும் என்று இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் 2025 ஏப்ரலில் விளக்கிக் காட்டியது. ஏஐ அந்த விளக்கத்தை நம்பிப் படிக்கிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

மூன்றாவது, பேக்கப். வாரத்துக்கு ஒருமுறை கணக்கு ஃபைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, அதைத் தனியாக வையுங்கள்.

இப்போது எங்கள் கடை ஏஜென்ட் நன்றாகவே வேலை செய்கிறது. "கணக்க முடிச்சுடு" என்று அப்பா சொன்னால், "எவ்வளவு ரூபாய் வந்தது?" என்று கேட்கிறது. அப்பா தொகையைச் சொல்கிறார். பிறகு நோட்டிலும் ஒரு வரி எழுதி வைக்கிறார். நான் இப்போது அதை நிறுத்தச் சொல்வதில்லை.

மேலே சொன்ன பயிற்சியை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். உங்கள் வீட்டிலோ கடையிலோ பேசும் சொற்களில் எதை ஏஐ தவறாகப் புரிந்துகொண்டது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக விளக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்தால், உங்கள் ஏஜென்ட் உங்கள் பேச்சுக்குப் பழகிவிடும்.